கரண்டு இறங்கிய பாட்டு

எங்கள் குடும்பத்தில் நான்கு பேர் பாடினோம். ஐந்தாவதாக ஓவர்லாக் தையல் மிஷினின் மோட்டார் பாடியது. ஐவரில் ஊருக்குள் பெயர் வாங்கியது மோட்டார்தான். அருள்புரத்திலிருந்து பெருமாநல்லூர் வரைக்கும் எங்களை 'மிஷின் வெச்சுப் பாடறவங்க' என்றுதான் சொல்வார்கள். 'சூப்பர்ஃபைன் மெல்லிசைக் குழு' என்று சித்தப்பா யோசித்து யோசித்து வைத்த பெயர் பேனரில் மட்டும் இருந்தது. பேனரைக் கட்டும் பொறுப்பும் சித்தப்பாவுடையது என்பதால் அது பெரும்பாலும் மடிந்தே தொங்கியது.

அப்பா, சித்தப்பா, அத்தை மூவரும் அருள்புரத்தில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அப்பா ஓவர்லாக் டெய்லர். சித்தப்பாவுக்குப் பக்கத்து மிஷின். அப்பாவுக்குத் தங்கையும் சித்தப்பாவுக்கு அக்காவுமான அத்தைக்கு எதிரே, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் மேஜை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய் அத்தையின் மேஜைக்குக் கீழே வேஸ்ட் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொள்வேன். வீட்டுப்பாடம் எழுதுவதாகப் பேர்.

அந்தக் காலத்து மிஷின்களில் ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். காலால் மிதித்தால்தான் ஊசி ஓடும். மிதிக்காத நேரத்திலும் மோட்டார் தன்பாட்டுக்கு 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். வரிசையாக அத்தனை மோட்டாரும் முனகுகிற ஹாலில் அப்பா ஒரு வரியை எடுப்பார், சித்தப்பா தொடுப்பார், அத்தை அதைச் செக்கிங் மேஜையிலிருந்து மேலே தூக்கிக்கொண்டு போவாள். மூட்டையின் மேலிருந்து நானும் சேர்ந்துகொள்வேன். முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். பாட்டு நடக்கிறபோது டெய்லர்கள் டீக்கு எழுந்து போவதில்லை என்பதை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

இப்படிக் கம்பெனிக்குள் பாடிக்கொண்டிருந்த எங்களை அப்பாவின் கூட்டாளி ஒருவர் தன் மகளின் காதுகுத்துக்குப் பாடக் கூப்பிட்டார். அதுதான் எங்கள் முதல் வெளி நிகழ்ச்சி. சாமியானாவுக்குள் மைக்கின் முன்னால் நின்றோம். சுற்றிலும் ஒரே அமைதி. அப்பா 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணினார். நான்கு பேரும் நான்கு பஸ்ஸில் ஏறி நான்கு ஊருக்குப் போனோம். குழந்தைக்கு அப்போதுதான் காது குத்தினார்கள். குழந்தையின் அழுகை எங்களைவிடச் சுருதியோடு இருந்ததாக அம்மா பிற்பாடு சொன்னாள். அம்மா பாடுகிற கட்சி இல்லை. எங்கள் குடும்பத்தில் ரசிகர் என்றும் விமர்சகர் என்றும் இருந்தது அவள் ஒருத்தி.

அன்றைக்கு வீடு திரும்பிச் சாப்பிடும்போது சித்தப்பாதான் நோயைக் கண்டுபிடித்தார்.

"அண்ணா, நம்மளுக்குச் சத்தமில்லாத எடத்துல பாட வராதுங்க. நாம இத்தன நாளும் மோட்டாரோட சேந்துதானுங்க பாடிட்டிருந்தோம்."

"அதுக்கு? கல்யாண மண்டபத்துக்குக் கம்பெனியத் தூக்கீட்டா போக முடியும்?" என்றார் அப்பா.

"கம்பெனி எதுக்குங்க? ஒரு மிஷினு போதுமே."

போதுமாக இருந்தது. முதலாளியிடம் கேட்டு, கழித்துப்போட்ட ஓவர்லாக் மிஷின் ஒன்றை டேபிளோடும் மோட்டாரோடும் டெம்போவில் ஏற்றினோம். மேடையில் நடுவே அதை வைத்து ஸ்விட்சைப் போட்டு, மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு மைக்கையும் சாய்த்துவிட்டால் எங்கள் நான்கு பேருக்கும் உயிர் வந்துவிடும். சுருதிப்பெட்டி வாங்கலாமே என்று யாராவது சொன்னால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும். "சுருதிப்பொட்டி தைக்குமாங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. அவிநாசிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் நாங்கள் மிஷினை ஓடவிட்டதும் பெண் வீட்டு அம்மா ஒருவர் ரவிக்கையும் கையுமாக மேடையேறி வந்தார்.

"ஏனுங் தம்பி, பக்கத்துல பிரிஞ்சு போச்சுங்க. சும்மாதான ஓடுது, ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்க சாமி."

அப்பா மறுக்கவில்லை. சரணத்தைப் பாடிக்கொண்டே தைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது.

நாங்கள் மேடையில் போட்டுக்கொண்டது எக்ஸ்போர்ட்டில் திரும்பி வந்த பனியன்கள். மூவருக்கும் ஒரே நிறம்; மார்பில் ஏதோ வெளிநாட்டு எழுத்து. அதில் என்ன போட்டிருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வசவாக இருந்தாலும் பெருமையாகத்தான் சுமந்தோம். என்னுடையது முழங்கால் வரை தொங்கியது. உள்ளே கால்சட்டை போட்டிருக்கிறேனா என்ற சந்தேகம் முன்வரிசைக்குக் கடைசி வரை தீராது. அத்தை மட்டும் பனியனுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அதே நிறத்தில் சேலை தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டாள்.

பாட்டுகள் சித்தப்பா எழுதியவை, மெட்டு அப்பா போட்டது. எங்கும் கைதட்டல் வாங்கிய பாட்டு இப்படித் தொடங்கும்:

பஞ்சு பறக்குது பாதையெல்லாம்
நெஞ்சு பறக்குது யாருக்காக?

இதில் 'யாருக்காக' என்ற கடைசிச் சொல் மட்டும் எனக்கு. மற்ற மூவரும் நிறுத்திக்கொள்வார்கள், மோட்டார் முனகும், நான் தனியாக அந்தச் சொல்லைப் பாட வேண்டும். குழுவில் என் மொத்தச் சங்கீத வாழ்க்கையும் அந்த ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லுக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே! காலையிலிருந்தே கழிப்பறைக்கும் வாசலுக்குமாக ஓடுவேன். மறந்துவிடுமோ என்று உள்ளங்கையில் எழுதிக்கொள்வேன், வியர்வையில் அழிந்துவிடும், அழிந்ததைப் பார்த்து இன்னும் வியர்க்கும். இன்றைக்கு எனக்கு ஐம்பதைத் தொடுகிற வயது. நானும் பனியன் கம்பெனியில்தான் குப்பை கொட்டுகிறேன். ஷிப்மெண்ட்டுக்கு லாரி வந்து வாசலில் நின்றால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது கழிப்பறை எந்தப் பக்கம் என்பதுதான். 

அத்தையின் குரலைச் சொல்லாமல் விட்டால் இதைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் நாங்கள் மூவரும் அவசர அவசரமாக அதைப் பிடித்துக்கொள்வோம். அத்தை கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் காத்திருப்பாள். பிறகு எங்கிருந்தோ அந்தக் குரல் வரும். ஈரமான புதுத் துணியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து உதறி விரிக்கும்போது ஒரு கணம் காற்றில் நிற்குமே, அப்படி நிற்கும். நான் பிறகு எத்தனையோ பாட்டு கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்று நிற்கிறதா என்று காது இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வரப்போகிறார் என்று முதலாளி சொன்னார். கேசட் போடுகிறவர். முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். பூஜை முடிந்து சாயங்காலம் கம்பெனி வாசலில் நாங்கள் பாட வேண்டும், அவர் கேட்பார், பிடித்திருந்தால் கேசட்.

வீடு தலைகீழானது. சித்தப்பா கேசட் அட்டைக்காக ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதில் அவர் மட்டும் இருந்தார். அப்பா சாப்பிடும்போது தட்டில் தாளம் போட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அத்தை வெந்நீரைத் தவிர எதையும் குடிக்க மறுத்தாள். விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்த் தனியாகப் பாடிப் பார்த்தாள். அங்கே மோட்டார் இல்லையே, எதை வைத்துப் பாடுகிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒருநாள் நான் மாடிக்குப் போனபோது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, கேசட்டுல பாடறவங்க பேரு போடுவாங்கல்ல?"

"குழுப் பேருதானுங்கத்தை போடுவாங்க. சூப்பர்ஃபைன்னு."

"ஆளாளுக்குத் தனியாப் போடமாட்டாங்களா?"

"நாலு பேருக்கும் எப்படிங்க எடம் பத்தும்?"

"அதுஞ் செரிதான்" என்று சொல்லிவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். பிறகு தானாகவே சிரித்தாள். "எம் பேரு சின்னதுதான் கண்ணு. ஓரமா எழுதுனாக்கூடப் போதும்."

ஆயுத பூஜையன்று மத்தியானம் ஒத்திகை பார்த்தோம். ஊரில் எல்லாக் கம்பெனியும் லீவு. எல்லா மிஷினும் திருநீறும் சந்தனமும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தன. ஓடியது எங்கள் மிஷின் ஒன்றுதான். மோட்டார் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தோடு, வழக்கத்தைவிட மேலே நின்று பாடியது.

"இன்னைக்கு மோட்டாருக்கே குஷி பாருங்கண்ணா!" என்றார் சித்தப்பா.

நாங்களும் மேலே ஏறிப் பாடினோம். அத்தையின் குரல் அந்த உயரத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. அத்தனை கம்பெனியும் ஓய்வில் இருப்பதால் கரண்டு முழுசாக வருகிறது, அதனால்தான் மோட்டாருக்கு இந்தக் குஷி என்று நாள் முழுக்க மோட்டாரோடு குடித்தனம் பண்ணுகிற அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பொழுது சாய்ந்தால் ஒவ்வொரு கம்பெனியும் வாசலில் சீரியல் லைட்டைத் தொங்கவிட்டு ஸ்விட்சைப் போடுமே, கரண்டு இறங்குமே என்றும் தோன்றவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுத் தட்டில் பொரி, கடலை, சுண்டல் வைத்தார்கள். எங்கள் தெரு டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அவர்களின் பிள்ளைகள் என்று வாசல் நிறைந்திருந்தது. நான் மேடையின் ஓரத்தில் உள்ளங்கையைத் திறந்து பார்த்தேன். 'யாரு' வரைக்கும் அழிந்துவிட்டது. 'க்காக' மட்டும் பாக்கி.

மோட்டார் ஓடியது. பாடத் தொடங்கினோம். முதல் வரி நன்றாகவே போயிற்று. இரண்டாவது சரணத்துக்கு வரும்போது எதிரே இருந்த கம்பெனியில் சீரியல் லைட் எரிந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில். பிறகு தெரு முழுக்க. ரொம்ப அழகாக இருந்தது. ஹாலுக்குள் ஃபேன் சோம்பல் பட்டதையும் டியூப்லைட் கண் சிமிட்டியதையும் நான் பார்த்தேன். அதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன்.

மோட்டார் மெல்ல மெல்ல இறங்கியது. அப்பா இறங்கினார். சித்தப்பா இறங்கினார். நானும் இறங்கினேன். இறங்குகிறோம் என்பது எங்களுக்குத் தெரியவே இல்லை. வருஷக்கணக்காக அதன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள், அது படியிறங்கினால் நாங்களும் இறங்கத்தானே செய்வோம்?

அத்தை இறங்கவில்லை.

முதல் முறையாக அத்தையின் குரல் எங்களைவிட்டு வெளியே, தனியாக, மேலே நிற்பதைக் கேட்டேன். கூட்டத்தில் தலைகள் திரும்பின. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. கோயம்புத்தூர்க்காரர் பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். அவர் பார்வை அத்தையைவிட்டு நகரவில்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. அத்தை தப்புப் பண்ணுகிறாள்! கேசட்காரர் முன்னால், முதலாளி முன்னால், சித்தப்பாவின் ஃபோட்டோவே அடிபட்டுப் போகிற மாதிரி அத்தை சுருதி விட்டுப் பாடுகிறாள்! அதற்குள் பல்லவி திரும்பி வந்துகொண்டிருந்தது. என் சொல் வரப்போகிறது. மேலே அத்தை, கீழே மோட்டார். நான் அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? முகம் எப்படிப் போயிருந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா சொன்னபடி, பல் டாக்டரைப் பார்த்த ஆட்டுக்குட்டி மாதிரி இருந்ததாம்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள்.

பிறகு 'நெஞ்சு பறக்குது' என்ற இடத்தில் அவள் குரல் மேலேயிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. தடுமாறவில்லை, உடையவில்லை. ஒரு பெரிய வளைவு போட்டு, இறங்கி இறங்கி, எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. மோட்டாரும் அத்தையும் ஒன்றானார்கள். எனக்கு மூச்சு வந்தது. 'யாருக்காக' என்று பாடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக நான் எதையும் செய்ததில்லை.

கூட்டம் கைதட்டித் தீர்த்தது. அந்த இறக்கத்தை நாங்கள் வேண்டுமென்றே வைத்ததாக நினைத்துக்கொண்டார்கள். "இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று பின்வரிசையில் கத்தினார்கள்.

கோயம்புத்தூர்க்காரர் மட்டும் தட்டவில்லை. பாட்டு முடிந்ததும் அத்தையிடம் வந்தார்.

"நீங்க நல்லாத்தானே நின்னு பாடிட்டிருந்தீங்க. ஏம்மா எறங்கீட்டீங்க?"

அத்தை "இன்னுங் கொஞ்சம் பொரி வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் அப்பாவிடம் "சொல்லி அனுப்பறேனுங்க" என்றார். இந்த ஆளுக்குச் சங்கீதமே தெரியாது என்று நான் சித்தப்பாவிடம் ரகசியமாகச் சொன்னேன். சித்தப்பாவும் ஆமாம் என்றார். கேசட்டுக்கு ஆள் வரவே இல்லை.

ஆனால் அந்த இறக்கம் பரவிவிட்டது. அடுத்த பண்டிகைக்குள் வேலம்பாளையத்துப் பாட்டு செட் ஒன்று, அவர்கள் பாட்டில் பல்லவி முடிகிற இடத்தில் அப்படியே வழுக்கி இறங்கியது. பல்லடத்துக்காரர்கள் அதை இரண்டு முறை இறக்கினார்கள். 'மிஷின்காரங்க எறக்கம்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. நாங்கள் இன்னும் சில வருஷம் பாடினோம். அத்தைக்குப் பெருமாநல்லூரில் கல்யாணமானது, சித்தப்பா சொந்தமாக நான்கு மிஷின் போட்டு உட்கார்ந்தார், குழு தானாகக் கலைந்தது. இறக்கம் கலையவில்லை. போன வருஷம் எங்கள் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்கும் ஒடிசாப் பையன் ஒருவன் அவன் ஊர்ப் பாட்டைச் சீட்டியடித்தான். கடைசியில் எங்கள் இறக்கம் வந்தது. எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். இங்கே எல்லோரும் இப்படித்தானே முடிக்கிறார்கள் என்றான்.

எனக்கு அந்த இறக்கம் புரிந்தது ரொம்பக் காலம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில். கீபோர்டு வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் பாடினாள். எங்கள் இறக்கம் வந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், இது எங்கள் குடும்பச் சொத்து, கரண்டு கொடுத்தது என்று பீற்றிக்கொள்ள வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கீபோர்டு இறங்கவில்லை. அது எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருந்தது. இறங்கியது அந்தப் பெண் மட்டும், அவளாக இறங்கினாள். மேலே தனியாக நிற்கத் தெரிந்த ஒருத்தியால்தான் அப்படி இறங்க முடியும். மோட்டார் இழுத்துக்கொண்டு போனது எங்கள் மூவரைத்தான். அத்தையை எதுவும் இழுக்கவில்லை. கையில் இருந்த ஐஸ்கிரீம் உருகி என் சட்டைக்குள் போனபோதுதான் மண்டபத்துக்குத் திரும்பி வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெருமாநல்லூர் போனேன். அத்தை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அரை மணி நேரம் முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு ஏனுங்கத்தை எறங்குனீங்க?"

"என்னைக்கு கண்ணு?"

"கேசட்டுக்காரரு வந்தாரல்லொ, அன்னைக்கு."

அத்தை ஈரச் சேலையை உதறினாள். "கரண்டு எறங்குச்சு, நானும் எறங்குனேன். ஊரே எறங்கறப்ப நா மட்டும் மேல நின்னுட்டு என்ன பண்றது?" என்று சிரித்தாள். "ஏன்டா, இதுக்கா பெட்ரோல் போட்டுட்டு வந்தே? உள்ள வா, காப்பி வெக்கறேன்." காப்பி வைக்கும்போது முனகுவாளா என்று அடுப்படிப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸிதான் ஓடியது.

அந்த ஆயுத பூஜை சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வந்ததைத்தான் இப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவும் சித்தப்பாவும் டெம்போவில் மிஷினோடு முன்னால் போய்விட்டார்கள். நானும் அத்தையும் கைகோத்துக்கொண்டு நடந்தோம். இரண்டு பக்கமும் கம்பெனிகள் சிவப்பும் பச்சையுமாக எரிந்தன. என் கால்சட்டைப் பைக்குள் பொரி நிறைய இருந்தது. கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. உலகத்திலேயே பெரிய பாடகன் அந்த ரோட்டில் போய்க்கொண்டிருந்தான்.

அத்தை மெதுவாக முனக ஆரம்பித்தாள். அதே பாட்டு. ஆனால் மத்தியானம் பாடிய அந்த உயரத்தில். மேலே, ரொம்ப மேலே.

பாவம், அத்தைக்கு இன்னும் சுருதி பிடிபடவில்லை என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்து ஆட்டினேன்.

"அத்தை, இது மேலே போகுதுங்க. இன்னும் எறக்கோணும். நாம பாடுனமே, அப்படி."

அத்தை நின்று என்னைப் பார்த்தாள்.

"ஆமால்ல?" என்றாள். "செரி கண்ணு, நீயே எடுத்துக் குடு."

நான் எடுத்துக் கொடுத்தேன். அத்தை என்னோடு இறங்கி வந்தாள். அவளுக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் நான் வீடு வரைக்கும் பொரி தின்றுகொண்டே நடந்தேன்.